கையெழுத்து போட்டா கதவுக்கு 3,000 வெள்ளியாம், போடலாமா?

மலேசியாவோட சரவாக் மாநிலத்து உள்பகுதியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க, வயசு 34. பேரு, ஊரு, ஆத்தோட பேரு எதையும் போடல, ஆள் அடையாளம் தெரியாம இருக்க ஒண்ணு ரெண்டு விவரத்த நானே மாத்தியிருக்கேன். பேராக் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, மிரியில வேலை செஞ்சப்போ சரவாக் பூர்வகுடியான இபான் இனத்துப் பையன் ஒருத்தரப் பார்த்து கல்யாணம் பண்ணிக்கிட்டு இப்போ பதினோரு வருஷமா அவரோட நீளவீட்டுலதான் இருக்காங்க. 27 கதவு உள்ள வீடு, ஒரு கதவுன்னா ஒரு குடும்பம் இருக்கிற பகுதி, அதுக்குப் பேரு பிலெக், இவங்க பிலெக்ல மட்டும் எட்டுப் பேரு. வீட்டுக்காரர் ஒரு சப்-கான்ட்ராக்டர் கிட்ட செயின்சோ புடிக்கிறாரு, வெட்டின கணக்குக்குத்தான் கூலி, நல்ல மாசத்துல 1,700 வெள்ளி (ரிங்கிட்) வரும், மழைக்காலத்துல மூணு மாசம் ஒண்ணும் வராது. போன வருஷம் மரம் உருண்டு கால் எலும்பு முறிஞ்சப்போ கான்ட்ராக்டர் 500 வெள்ளி குடுத்து முடிச்சுக்கிட்டாராம்.

இப்போ என்னன்னா, கம்பெனி திரும்ப உள்ள வருது. மிச்சம் இருக்கிற பெரிய மரத்த எடுத்துட்டு அதே இடத்துல அக்கேசியா (காகிதக் கூழுக்கு வெட்டுற மரம்) நடப்போறாங்களாம், கதவுக்கு 3,000 வெள்ளி சாகு ஹாத்தி, அதாவது நல்லெண்ணப் பணம், துவாய் ரூமா (நீளவீட்டுத் தலைவர்) ஒரு பேப்பர வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பிலெக்கா கையெழுத்து கேட்டுக்கிட்டு வர்றாரு. வீட்டுக்காரர் போடலாம்ங்கிறாரு, வேலை தொடரும்ல. மாமனார், வீட்டுல அப்பாய்னு கூப்பிடுறாங்க, இபான் பாஷையில அப்பான்னு அர்த்தம், அவரு முடியவே முடியாதுங்கிறாரு. நடுவுல இந்தத் தங்கச்சி. கூடவே கொழுந்தனாரு ராத்திரியில பெலியான்ங்கிற இரும்பு மாதிரி கடினமான மரத்த அறுத்து டவுனுக்கு விக்கிறாரு, அது தப்பான்னு ஒரு கேள்வி, நிலத்த என் பேர்ல எழுதி வைக்க அப்பாய் ரெடியா இருக்காரு வாங்கிக்கலாமான்னு இன்னொரு கேள்வி. கடைசியா ஒரு வரி எழுதியிருந்தாங்க, "எங்க வீடே மரத்துலதான் சார் நிக்குது, மரத்த விட்டா பட்டினி".

தங்கச்சி, அந்தக் கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்த எல்லாக் கேள்விக்கும் பதில் அதுல மாட்டிக்கிட்டு இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும், நான் தீபகற்பத்துல வக்கீலா பிராக்டிஸ் பண்றவன், சரவாக் கோர்ட்டுல நின்னு வாதாட எனக்கு உரிமை கிடையாது, அங்க வக்கீல் சங்கமே தனி. நான் சொல்றத வெச்சு நீங்க சரியான கேள்வியோட ஒரு சரவாக் வக்கீல் முன்னாடி போய் உக்காரணும், அதுக்குத்தான் இந்தப் பதில்.

உங்க வீடு எதுல நிக்குது

நீங்க எழுதின கடிதத்துலயே கணக்கு இருக்கு, நீங்க அத கணக்கா பாக்கல. மேட்டு நெல்லு எட்டு மாசத்துக்கு வருது, அரிசி வாங்கறதில்லன்னு ஒரு இடத்துல சொல்றீங்க. மாமியார் மிளகு காயப் போடுறாங்கன்னு இன்னொரு இடத்துல. மீன், காட்டுக்கீரை, மூங்கில் குருத்து, விறகு, இதெல்லாம் பேச்சுவாக்குல வந்துட்டுப் போகுது. நாத்தனார் மிரியில இருந்து மாசம் 300 அனுப்புறாங்க. இதுல ஒண்ணுக்குக் கூட நீங்க விலை போடல, ஏன்னா காசா கைக்கு வர்றது மட்டும்தான் வருமானம்னு நமக்கு ஒரு பழக்கம், தோட்டத்துல சம்பளச் சீட்டு பாத்து வளந்தவங்களுக்கு இன்னும் அதிகமாவே. எங்க அப்பாவும் அப்படித்தான், வீட்டுப் பின்னாடி அம்மா போட்டிருந்த காய்கறியில பாதி மாசம் ஓடும், ஆனா கேட்டா "நான் ஒருத்தன் சம்பாதிக்கிறேன்"ம்பாரு.

இது உங்க வீட்டுக் கதை மட்டும் கிடையாது. 24 நாட்டுல கிட்டத்தட்ட 8,000 குடும்பத்த வருஷம் பூரா பின்தொடர்ந்து ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2014-ல வெளியிட்டாங்க, காட்டோரத்துல வாழுற குடும்பங்களோட மொத்த வருமானத்துல ஏறக்குறைய 28 சதவீதம் காடு, ஆறு, புதர்னு இயற்கையில இருந்து நேரா வருதுன்னு தெரிஞ்சுது, அதுல முதல் இடம் விறகு கரிக்கு, அடுத்து சாப்பாட்டுச் சாமானுக்கு, அதுக்கும் அப்புறம்தான் கட்டுமானத்துக்கும் பின்னுறதுக்கும் எடுக்கிற மரம், பிரம்பு, நார் எல்லாம் சேர்ந்து. நீங்க காட்ட நம்பி வாழுறீங்க, அது நிஜம். ஆனா உங்க வீட்டுக்காரர் வாங்குற கூலி கம்பெனி வெட்டுற வரைக்கும் வர்ற கூலி. கம்பெனி மேல போயிட்டா அதுவும் கூடவே போயிடும். மரத்துக்குச் சொந்தக்காரனுக்கு வர்ற பணத்தோட அத சேத்துப் பாக்காதீங்க.

அந்த 1,700-லயும் பெட்ரோல், சங்கிலி, பார் எல்லாம் அவர் கணக்குலதான் கழியுதுன்னு எழுதியிருக்கீங்க. ஒன்பது மாச வேலைன்னு வெச்சா வருஷத்துக்கு 15,300, அதுல செலவக் கழிச்சு நிக்கிறது என்னன்னு அவரையே உக்கார வெச்சு எழுதச் சொல்லுங்க. ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும், நெல்லு, மீன், விறகு, மிளகு எல்லாத்தையும் உங்க ஊர் கடை விலையில போட்டு பக்கத்துல எழுதுங்க, ஒரு மாசம் எழுதினாலே யாரு வீட்ட தூக்கி நிறுத்துறாங்கன்னு தெரிஞ்சிடும். மாமியாருக்குத்தான் முதல் சம்பளம் குடுக்கணும்னு வரலாம், சொல்லிட்டேன்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, அதத்தான் அப்பாய் வாயால சொல்லத் தெரியாம மறுக்கிறாருன்னு எனக்குத் தோணுது. மரக்காசு மத்த வருமானத்துல கைய வெச்சுட்டுத்தான் வருது. டிராக்டர் ரோடு போட்டா சரிவு மண்ணு மழையில ஆத்துக்கு வரும், கலங்கின தண்ணியில நல்ல மீன் நிக்காது. வலை போட்டா முன்ன மாதிரி கிடைக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, குடிக்க மழைத்தண்ணி புடிச்சு வெக்கிறோம்னும் எழுதியிருக்கீங்க. அந்த நஷ்டத்துக்கு யாரும் சீட்டு குடுக்க மாட்டாங்க, அதனால அது கணக்குல ஏறாது. இதுக்காக ரோடே வேண்டாம்னு சொல்ல வரல, அந்த ரோட்டுலதான் உங்க ரெண்டாவது பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க, அதையும் படிச்சேன்.

3,000 வெள்ளிய சும்மா வகுத்துப் பாருங்க. சரவாக் மலைக்காட்டுல ஒரு தடவ வெட்டினா அடுத்த வெட்டுக்கு 25 வருஷம்னு கணக்கு, அத வெச்சு வகுத்தா மாசத்துக்கு 10 வெள்ளி. நடவுக்காட்டு லைசென்ஸ்னா 60 வருஷம், அப்போ மாசத்துக்கு நாலு வெள்ளி சொச்சம். 27 கதவுக்கும் சேத்து கம்பெனிக்கு ஆகுற செலவு 81,000 வெள்ளி. இதுக்கு என் கருத்து எதுவும் தேவையில்ல.

நிலம் யாரோடது, சட்டம் என்ன சொல்லுது

இங்கதான் உங்க வீட்ல மூணு பேரும் மூணு விதமா தப்பா நினைச்சிருக்கீங்க. அப்பாய் நினைக்கிறாரு, தாத்தா காலத்துல இருந்து இருக்கிறோம், கண்ணுக்கு எட்டின காடெல்லாம் எங்களுது. உங்க வீட்டுக்காரர் நினைக்கிறாரு, கம்பெனி கையில லைசென்ஸ் இருக்கு, நாம போட்டாலும் போடலன்னாலும் எடுத்துக்குவான், கிடைக்கிறத வாங்கிக்கலாம். நீங்க நினைக்கிறீங்க, பட்டா பேப்பர் இல்லாததால நமக்கு ஒண்ணுமே இல்ல.

சரவாக் நிலச் சட்டம் 1958 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே காட்ட வெட்டி திருத்தி குடியிருந்தது, பழமரம் நட்டது, பயிர் வெச்சது, இடுகாடா பயன்படுத்தினது, பாதையா நடந்தது, இந்த மாதிரி வழியில உண்டான உரிமைக்குப் பேர்தான் என்சிஆர், பூர்வகுடி வழக்க உரிமை. பட்டா கையில இல்லன்னாலும் அந்த உரிமை இருக்கு, கோர்ட்டு இத பல தடவ ஒத்துக்கிட்டிருக்கு. உங்க பிலெக் திருத்தி நெல்லு போட்ட நிலம், அதாவது தெமுடா, அதுல நீங்க பலமா நிக்கலாம். கம்பெனி லைசென்ஸ் எல்லைக்குள்ள அது வந்துட்டதால மட்டும் உங்க உரிமை தானா செத்துப் போயிடாது. வீட்டுக்காரர்கிட்ட இத ரெண்டு தடவ படிச்சுக் காட்டுங்க.

ஆனா அப்பாய்க்கு ஒரு கசப்பான செய்தியும் இருக்கு. பயிர் வெக்காம வேட்டைக்கும் வீட்டு மரத்துக்கும்னு விட்டு வெச்ச காடு, புலாவ் கலாவ்னு சொல்றாங்கல்ல, அதுவும் ஊர் எல்லை முழுக்க உள்ள பெமாக்காய் மெனோவாவும், 2001-ல கூச்சிங் ஹைகோர்ட்டு நோர் ஞாவாய் வழக்குல ஏத்துக்கிட்டுச்சு, அதுவும் கூழ்மரத் தோட்டத்துக்கு எதிரா போட்ட வழக்குதான், உங்க கதை மாதிரியேதான். ஆனா 2005-ல அப்பீல்ல அந்த இடத்துக்கு ஆதாரம் போதலன்னு அது மாறிப்போச்சு, அப்புறம் 2016 டிசம்பர்ல கூட்டரசு நீதிமன்றம் இந்த ரெண்டு வழக்கத்துக்கும் சட்ட பலம் இல்லன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஊர் ஊரா கொதிச்சாங்க, அதுக்கப்புறம் 2018-ல சரவாக் சட்டமன்றம் நிலச் சட்டத்த திருத்தி, ஒரு சமூகம் 500 ஹெக்டர் வரைக்கும், மாநில அரசு மனசு வெச்சா 1,000 ஹெக்டர் வரைக்கும், அந்த மாதிரி காட்டுக்கு விண்ணப்பிச்சு கூட்டுப் பட்டா வாங்கலாம்னு வழி வெச்சாங்க. கண்ணுக்கு எட்டின காடு முழுக்க கிடைக்காது, 500 ஹெக்டருக்கு ஒரு வாசல் இருக்கு. விண்ணப்பம் போடாத வீட்டுக்கு அந்த வாசலும் இல்ல.

இப்போ பேப்பருக்கு வர்றேன். அப்பாய் உங்கள ஒரு நாள் ஆத்துக்கு மேல கூட்டிட்டுப் போயி, இந்த டூரியான் என் பாட்டி நட்டது, இங்கதான் பழைய நீளவீடு இருந்துச்சு, இது இடுகாடுன்னு காட்டினாருன்னு எழுதியிருக்கீங்களே, நீங்க அத ஒரு பாசமான நினைவா எழுதியிருக்கீங்க, நான் படிச்சப்போ எனக்கு அது சாட்சிப் பட்டியலாத்தான் தெரிஞ்சுது. பாட்டி நட்ட பழமரம், பழைய வீட்டு இடமான தெம்பாவாய், இடுகாடு, மூணுமே 1958-க்கு முன்னாடியே அங்க ஆளு இருந்தாங்கன்னு காட்டுற சாட்சி, கோர்ட்டுல இந்த மாதிரி வழக்குல அந்தக் காலத்துல எடுத்த வான்படத்தையும் வயசானவங்க வாய்மொழியையும்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாக்குறாங்க. அப்பாய்க்கு வயசு 78. என்ன அவசரம்னு உங்களுக்கே புரியும்.

கையெழுத்து விஷயம்

இப்போதைக்குப் போடாதீங்க. எப்பவுமே போடாதீங்கன்னு சொல்லல, பேப்பரப் பாக்காம போடாதீங்க. அது இங்கிலீஷ்ல இருக்கு, கடைசிப் பக்கம் மட்டும்தான் காட்டுறாங்கன்னு எழுதியிருக்கீங்க, அது ஒண்ணே நிறுத்தி வைக்கப் போதுமான காரணம். ஒரு வழக்குல நானே பாத்தது, கூட்டத்துக்கு வந்தவங்க வருகைப் பதிவுல கைநாட்டு வெச்சாங்க, சாப்பாடு போட்டு அனுப்பினாங்க, ஆறு மாசம் கழிச்சு அதே தாள் ஒரு சம்மதக் கடிதத்துக்குப் பின்னாடி பின் அடிச்சு வந்து நின்னுச்சு. அதனால வருகைப் பதிவுன்னாலும் தலைப்ப நீங்களே பேனாவால எழுதி, தேதி போட்டு, ஒரு போட்டோ எடுத்துட்டுத்தான் கையெழுத்து.

துவாய் ரூமா போட்டா எல்லாரும் போட்ட மாதிரிதானேன்னு கேட்டிருக்கீங்க. உங்க பிலெக்கோட தெமுடாவ அவரு கையெழுத்தால யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. ஆனா நடைமுறையில "சமூகம் சம்மதிச்சுது"ன்னு ஃபைல்ல காட்ட அவரு கையெழுத்து ரொம்ப தூரம் போகும். அதனால சம்மதம் இல்லாத பிலெக் எல்லாம் சேந்து, நாங்க சம்மதிக்கல, எங்க நிலம் இன்னின்ன இடம்னு ஒரு கடிதம் எழுதி, நிலம் மற்றும் நில அளவை இலாகாவுக்கும் வன இலாகாவுக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் குடுத்து, முத்திரை அடிச்ச நகல வாங்கி பிளாஸ்டிக்குல போட்டு வெச்சுக்குங்க. துவாய் ரூமாவ எதிரியாக்கிடாதீங்க, பதினோரு வருஷமா அவரு மடியில உங்க பிள்ளைங்க விளையாடியிருக்கு, அவருக்கு மேல இருந்து என்ன நெருக்கடின்னு உங்களுக்குத் தெரியாது.

பேப்பர் கைக்கு வந்தா இத முதல்ல தேடுங்க:

எந்த நிலம், வரைபடம் இருக்கா. வரைபடம் இல்லாத ஒப்பந்தம்னா நீங்க எதுக்குச் சம்மதிச்சீங்கன்னு பின்னாடி அவங்கதான் சொல்லுவாங்க.

எத்தனை வருஷம். மரம் வெட்ட மட்டுமா, நடவுக்காட்டுக்குமா. வெட்டிட்டுப் போறதும் அக்கேசியா நட்டு 60 வருஷம் உக்காருறதும் ஒரே பேப்பர்ல இருந்தா ரெண்டையும் பிரிக்கச் சொல்லுங்க, முதலாவதுக்கு ஒத்துக்கிட்டாலும் ரெண்டாவதுக்கு ஒத்துக்கணும்னு இல்ல, அக்கேசியா வந்துட்டா அங்க நெல்லும் இல்ல மிளகும் இல்ல.

"உரிமையை விட்டுக் குடுக்கிறோம்", "இனி எந்தக் கோரிக்கையும் இல்ல"ங்கிற மாதிரி வரி, இல்லன்னா யாருக்காவது பவர் குடுக்கிற வரி. இது இருந்தா பேச்சுக்கே இடமில்ல, அந்த வரி போகணும், இல்லன்னா கையெழுத்து இல்ல.

பணம் கதவுக்கு ஒரு தடவையா, வெட்டுற டன்னுக்கு இவ்வளவுன்னா. டன் கணக்குன்னா யாரு அளக்குறா. வெட்டின ஒவ்வொரு கட்டைக்கும் நம்பர் போட்ட டேக் அடிக்கணும்ல, அந்தப் பட்டியலோட நகல் நீளவீட்டுக்கு வருமான்னு கேளுங்க, உங்க வீட்டுக்காரருக்கு அந்த டேக்க படிக்கத் தெரியும், கமிட்டியில அவர உக்கார வெச்சா கம்பெனிக்கே தூக்கம் வராது.

பேரம் பேச உங்ககிட்ட ஒரு பிடியும் இருக்கு. மரத்துக்கு சான்றிதழ் வேணும்னு வெளிநாட்டுல கேக்குறாங்க, மலேசிய மரச் சான்றிதழ் திட்டத்துல பூர்வகுடிகளோட முன்கூட்டிய, சுதந்திரமான, விவரம் தெரிஞ்ச சம்மதம் வேணும்னு நிபந்தனை இருக்கு. கடைசிப் பக்கத்த மட்டும் காட்டி வாங்கின கையெழுத்த விவரம் தெரிஞ்ச சம்மதம்னு யாரும் சொல்ல முடியாது. அந்த லைசென்ஸ் பகுதிக்கு சான்றிதழ் இருக்கா, விண்ணப்பிச்சிருக்காங்களான்னு கேட்டு வைங்க, இருந்தா சான்று குடுக்கிற ஆடிட்டருக்கே புகார் எழுதலாம்.

கையெழுத்து போடாம விட்டா என்ன ஆபத்துன்னும் சொல்லணும்ல. அரசாங்கம் நினைச்சா கெஜட்டுல அறிவிச்சு நஷ்டஈடு குடுத்து என்சிஆர் உரிமைய எடுக்க சட்டத்துல வழி இருக்கு, அந்த அறிவிப்பு வந்தா கோரிக்கை போட நாள் கணக்கு ஓட ஆரம்பிச்சிடும், அதனால மாவட்ட அலுவலக நோட்டீஸ் போர்டு பக்கம் மாசம் ஒரு தடவ யாராவது போய்ப் பாத்துட்டு வரணும். அப்புறம் வீட்டுல இளவட்டம் ரோட்ட மறிக்கலாம்னு பேசிக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. 1987-ல பாராம் பக்கம் பெனான் பூர்வகுடி மக்கள் மறிச்சப்போ அதே வருஷம் வனச் சட்டத்துல தனியா ஒரு பிரிவு சேத்து, மரம் ஏத்துற ரோட்ட மறிச்சா ரெண்டு வருஷம் ஜெயில், 6,000 வெள்ளி அபராதம்னு கொண்டு வந்தாங்க. கோவம் நியாயம்தான், ஆனா சின்னப் பசங்க ரெகார்டுல கேஸ் விழுந்தா அரசாங்க வேலைக்கு நாய் படாத பாடு. முதல்ல கடிதம், அப்புறம் வக்கீல், தேவைப்பட்டா கோர்ட்டுல இடைக்காலத் தடை.

நிரந்தரத் தீர்வுன்னு பாத்தா சர்வேதான். 2010-ல இருந்து சரவாக்ல என்சிஆர் நிலத்துக்கு சுத்தெல்லை அளந்து முதல்ல கூட்டு ஒதுக்கீடா அறிவிக்கிறாங்க, அதுக்கப்புறம் 18-ஆம் பிரிவுல தனித்தனிப் பட்டா, அதுக்குக் காலவரை கிடையாது. மெதுவாத்தான் நடக்கும், சில ஊர்ல அளந்தது குறைச்சலா இருக்குன்னு சண்டையும் இருக்கு, அளக்க வர்ற அன்னிக்கு அப்பாய் மாதிரி ஆள் கூட நடந்தே ஆகணும். நீங்க போன்ல ஜிபிஎஸ் வெச்சு குறிச்சு வெக்கிறது நல்லது, ஆனா அத சர்வே பிளான்னு யாருக்கும் குடுக்காதீங்க, 2001-ல வந்த நில அளவையர் சட்டத்துல லைசென்ஸ் இல்லாதவங்க அளக்குறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு. உங்க குறிப்பு உங்க நினைவுக்கும் வக்கீலுக்கும்.

பெலியான்

கொழுந்தனாரு விஷயத்துல நான் சுத்தி வளைக்க விரும்பல. வீட்டுத் தூணுக்கு, கூரைச் சில்லுக்கு, படகுக்குன்னு சொந்த உபயோகத்துக்கு மரம் எடுக்கிறதுக்கும், விக்கிறதுக்காக எடுக்கிறதுக்கும் சட்டம் கோடு போட்டு வெச்சிருக்கு. மாநில நிலத்துல இருந்து வீட்டுத் தேவைக்கு எடுக்க சலுகை உண்டு, காப்புக்காட்டுக்குள்ள அது செல்லாது, விலைக்கு விக்கிறதுக்கு எங்கயுமே செல்லாது. டேக் இல்லாம, ராயல்டி கட்டாம, ரிமூவல் பாஸ் (மரத்த வெளிய எடுத்துட்டுப் போற அனுமதிச் சீட்டு) இல்லாம பலகை லோரியில போனா மரமும் போகும், லோரியும் போகும், மாட்டுறது டவுன் வியாபாரி இல்ல, ஓட்டிட்டு வந்த கொழுந்தனாருதான். அவரு கேக்குறது எனக்குக் கேக்குது, கம்பெனி மலை மலையா எடுத்தா சட்டம், நான் நாலு பலகை எடுத்தா குத்தமான்னு. 1990-களோட தொடக்கத்துல சரவாக்ல இருந்து வருஷத்துக்கு 1.8 கோடி கன மீட்டருக்கும் மேல மரம் வெட்டினாங்க, அந்தக் கேள்வியில இருக்கிற வலி பொய் இல்ல. ஆனா ஜட்ஜ் முன்னாடி அது பதில் ஆகாது. இன்னொன்னும் இருக்கு, பெலியான் ஒரு மனுஷன் ஆயுசுக்குள்ள தூண் கனத்துக்கு வர்ற மரம் கிடையாது, இப்போ விக்கிறது உங்க பேரன் வீட்டுத் தூண். அந்தப் பலகையில ஒண்ணு கூட உங்க பிலெக்குக்குள்ள இருக்க வேண்டாம், அத மட்டும் இன்னிக்கே பாத்துடுங்க.

கால் காயம்

500 வெள்ளி வாங்கினதால எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிறீங்க, அப்படி இல்ல. வெட்டின கணக்குக்குக் கூலி வாங்கினாலும், இன்னிக்கு இங்க வெட்டுன்னு அவங்க சொல்ற இடத்துல அவங்க சொல்ற நேரத்துல வேலை செய்றவரு தொழிலாளிதான், பெர்க்கேசோவுல (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பதிவு பண்ணியிருக்கணும். சப்-கான்ட்ராக்டர் பண்ணலன்னா மேல இருக்கிற பெரிய முதலாளிக்கும் அந்தப் பொறுப்பு உண்டு, சட்டமே முதன்மை முதலாளி, நேரடி முதலாளின்னு ரெண்டு பேரையும் சேத்துத்தான் பேசுது. எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டு, கூலி எழுதின துண்டுச் சீட்டு, கூட வேலை பாத்த ரெண்டு பேரோட வாக்குமூலம், இத எடுத்துக்கிட்டு கிட்டத்துல இருக்கிற பெர்க்கேசோ அலுவலகத்துக்கு இந்த மாசமே போங்க. அவரு வேலை போயிடும்னு பயப்படுறாரு, நியாயமான பயம்தான், ஆனா முழங்கால மடக்க முடியாம செயின்சோ புடிக்கிற ஆளு எத்தனை வருஷம் புடிப்பாரு. சரவாக்ல மரம் வெட்றவங்களுக்குப் பயிற்சிச் சான்று இருக்கணும்னு விதி இருக்கு, அவர்கிட்ட இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வாங்கச் சொல்லுங்க, இந்தக் கம்பெனி போனாலும் அந்தக் கைத்தொழிலுக்கு வேற இடத்துல வேலை கிடைக்கும்.

உங்க பேர்ல நிலம்

அப்பாய் உங்க மேல வெச்சிருக்கிற நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு போடலாம், ஆனா வாங்காதீங்க. சரவாக் பூர்வகுடி இல்லாதவங்க என்சிஆர் நிலத்துல உரிமை வாங்க முடியாதுன்னு நிலச் சட்டத்துலயே இருக்கு, உங்க பேர்ல எழுதினா அந்த எழுத்து நிக்காது, அதவிட மோசம், நிலத்துக்கே பிரச்சினை வரும், எதிர்ப்பக்க வக்கீலுக்கு நாமளே கத்தியத் தீட்டிக் குடுத்த மாதிரி.

பிள்ளைங்க பத்தி நீங்க கேக்கவே இல்ல, ஆனா அதுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. முன்னாடி அரசியலமைப்புல சரவாக் பூர்வகுடின்னா அப்பா அம்மா ரெண்டு பக்கமும் பூர்வகுடி ரத்தமா இருக்கணும்ங்கிற மாதிரி வாசகம் இருந்துச்சு, 2009-ல அப்பா இபான், அம்மா சீனர்ங்கிற ஒரு பொண்ணுக்கு இதனாலயே படிப்பு இடம் மறுத்தாங்க, பெரிய சர்ச்சை ஆச்சு. அப்புறம் அரசியலமைப்பத் திருத்தி, 2022 பிப்ரவரியில சரவாக் சட்டமன்றம் அப்பா அம்மாவுல ஒருத்தர் பூர்வகுடியா இருந்தா போதும்னு மாத்திடுச்சு. அதனால உங்க ரெண்டு பிள்ளைங்களும் அந்த நிலத்துக்கு வாரிசா நிக்கலாம். பிறப்புப் பத்திரத்துல அப்பா பேரு, அவரு இனம் இபான்னு சரியா இருக்கான்னு மட்டும் எடுத்துப் பாருங்க, எழுத்துப் பிழை இருந்தா இப்பவே திருத்துங்க. உங்களுக்குன்னு வேணுங்கிறது, நாளைக்கு வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆனாலும் பிலெக்ல தங்கி பிள்ளைங்களுக்காக நிலத்தப் பாத்துக்கிற உரிமை, அது வழக்கத்துல வர்ற விஷயம், அப்பாய் நல்லா இருக்கும்போதே துவாய் ரூமா முன்னாடி, ரெண்டு மூணு பிலெக் பெரியவங்க சாட்சியோட சொல்லி எழுதி வெச்சுட்டா பின்னாடி பூர்வகுடி நீதிமன்றம் வரைக்கும் போனாலும் கையில ஒண்ணு இருக்கும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுடாதீங்க. சட்ட உதவி இலாகாவுல முதல்ல கேளுங்க, கூச்சிங்ல சுஹாகாம் மனித உரிமை ஆணையத்துக்கு அலுவலகம் இருக்கு, பூர்வகுடி நில உரிமை பத்தி நாடு முழுக்க விசாரிச்சு 2013-ல அறிக்கை குடுத்தவங்க அவங்கதான், இபான் சங்கமான சாடியாவும் இந்த மாதிரி நில வழக்குல ரொம்ப வருஷமா கூட நிக்கிறாங்க. 27 கதவுல ஏழெட்டுக் கதவு சேந்து போனா செலவும் பங்காகும், பேச்சுக்கும் கனம் இருக்கும்.

வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட வேண்டாம். அவரு காட்ட விக்கத் துடிக்கிறாருன்னு நீங்க எழுதியிருக்கிற தொனி எனக்குச் சரியாப் படல, அடுத்த மாசம் அரிசி வாங்கணும்ங்கிற பயம் அது, பெர்க்கேசோ பணம் கொஞ்சம் வந்தாலே அந்தக் குரல் இறங்கும். அதனாலதான் கையெழுத்த விட கால் காயத்த முதல்ல பாருங்கன்னு சொல்றேன்.

துவாய் ரூமா திரும்ப வர்ற சனிக்கிழமைக்கு முன்னாடி அப்பாய கூட்டிக்கிட்டு அந்த டூரியான் மரத்துக்குப் போங்க. போன்ல வீடியோ போட்டுட்டு, யாரு நட்டது, எந்த வருஷம்னு தெரியலன்னா ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாடியா பின்னாடியா, பழைய வீட்டுல எத்தனை கதவு இருந்துச்சு, இடுகாட்டுல யாரு யாரு இருக்காங்கன்னு அவரு பாஷையிலயே பேச விடுங்க, நடுவுல குறுக்க பேசாதீங்க. அந்தப் பேப்பர் கிடைச்சதும் எல்லாப் பக்கத்தையும், பின்பக்கம் வெறுமையா இருந்தா அதையும் சேத்து, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.